சம்பாவுக்கு எந்தப் பாக்கெட்? சூடோமோனாஸும் மற்ற மூன்றும்

போன ஆவணியில் ஒருநாள் காலை, மாமா உரக்கடை வாசலில் நின்றபடி போன் செய்தார். நாற்றங்காலுக்கு விதை ஊறவைக்க வேண்டும், அதற்குச் சூடோமோனாஸ் என்ற, பயிர் நோயைத் தடுக்கும் பாக்டீரியாப் பொடி வாங்கப் போயிருந்தார்.

“மாப்ளே, சூடோமோனாஸ் ரெண்டு பாக்கெட்தான் இருக்காம். அதுவும் பழசாட்டம் தெரியுது. பேசிலஸ் எடுத்துட்டுப் போங்க, ரெண்டும் ஒண்ணுதாங்கிறார். டிரைக்கோடெர்மாவும் எடுத்துக் காட்டுறார். என்ன பண்ணட்டும்?”

“தயாரிச்ச தேதி என்ன போட்டிருக்கு, பாருங்க மாமா.”

“கண்ணாடி எடுத்துட்டு வரலையே.”

கடைக்காரரிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னோம். தயாரித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. காலாவதி ஆக இன்னும் நாள் இருந்தது. அந்த ஐந்து நிமிடத்தில் நான் சொன்ன பதில் அரைகுறை. சாவகாசமாக யோசித்துச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாமாவுக்கு மன்னார்குடிப் பக்கம் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். பாதியில் பி.பி.டி. 5204, பாதியில் சி.ஆர். 1009, இரண்டும் நெல் ரகங்கள். களிமண், ஆற்றுப் பாசனம். அந்த நிலத்தை மனதில் வைத்துத்தான் இந்தக் கணக்கு. மானாவாரிக் கரிசலில் நிலக்கடலை போடுகிறவருக்குப் பதில் மாறும்.

முதலில், “ரெண்டும் ஒண்ணுதான்” என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். பயன்படுத்தும் முறை ஏறக்குறைய ஒன்று என்பதால் கடைக்காரர் அப்படிச் சொல்கிறார். உள்ளே இருக்கும் உயிர்கள் வேறு வேறு.

சூடோமோனாஸ் புளோரசன்ஸ் வேரை ஒட்டிய மெல்லிய மண் படலத்தில் வாழும் பாக்டீரியா. பயிர் தன் வேர் வழியே கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் அமினோ அமிலம் என்று எப்போதும் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அதைத் தின்று இது வேரின் மேலேயே பெருகும். தின்னும் இடத்துக்குப் போட்டி அதிகம் என்பதால், மற்ற கிருமிகளை அண்டவிடாமல் செய்யச் சில பொருள்களைச் சுரக்கிறது. டையசெட்டைல்புளோரோகுளூசினால் என்று நாக்கைச் சுளுக்கும் பெயருள்ள ஒன்று, ஃபினசின் வகைப் பொருள்கள், பைரோல்நைட்ரின், சில சமயம் துளியளவு ஹைட்ரஜன் சயனைடு. பூஞ்சைகளுக்கு இவை ஆகாது.

இது பரிசோதனைச் சாலைக்குள் மட்டும் நடக்கிற சங்கதி அல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒரே நிலத்தில் வருடாவருடம் கோதுமையே போட்டபோது ‘டேக்-ஆல்’ என்னும் வேரழுகல் நோய் சில வருடம் ஏறிவிட்டுப் பிறகு தானாகவே இறங்கியது. மருந்து எதுவும் அடிக்காமலே! ஏன் என்று தோண்டிப் பார்த்தபோது, மேலே சொன்ன வாய்க்குள் நுழையாத பொருளைச் செய்யும் சூடோமோனாஸ்கள் வேரில் பெருகியிருந்தது தெரிந்தது. 1988-ல் லிண்டா தோமாஷோவும் டேவிட் வெல்லரும் இன்னொரு காரியம் செய்தார்கள். ஃபினசின் செய்யும் திறனை மட்டும் ஒரு சூடோமோனாஸிடமிருந்து மரபணு அளவில் பறித்துப் பார்த்தார்கள். வேரில் அது பழையபடி வாழ்ந்தது, ஆனால் நோயைத் தடுக்கும் திறன் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆக, பாக்டீரியா அங்கே இருப்பது மட்டும் போதாது, அது சுரக்கவும் வேண்டும்.

இந்த இனத்தின் சரக்கு உரக்கடையோடு நிற்கவில்லை. தோலில் சிரங்கு, சீழ்க்கொப்புளம் என்று போனால் டாக்டர் எழுதிக்கொடுக்கும் முப்பிரோசின் களிம்பு இருக்கிறதே, அது சூடோமோனாஸ் புளோரசன்ஸ் செய்யும் பொருள்தான். விதை நேர்த்திக்கு உலகம் முழுக்கப் புழங்கும் ஃபுளூடையாக்ஸோனில் என்ற ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியும், பைரோல்நைட்ரினைப் பார்த்து அதன் சாயலில் மனிதர்கள் செய்துகொண்டதுதான். இவ்வளவு சொல்லும்போது இதன் குறும்பையும் சொல்லிவிட வேண்டும். குளிரிலும் வளரும் என்பதால், ஃபிரிட்ஜில் வைத்த பால் கெட்டுப்போவதற்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று.

பெயரில் இருக்கும் ‘புளோரசன்ஸ்’ என்பது ஒளிர்வைக் குறிக்கிறது. இரும்புச்சத்துக் குறைவான இடத்தில் இது பயோவெர்டின் என்ற பொருளைச் சுரந்து இரும்பைப் பற்றி இழுத்துக்கொள்ளும். நோய்ப் பூஞ்சைக்கு இரும்பு கிடைக்காமல் போவதும் ஒரு தடுப்பு. புற ஊதா வெளிச்சத்தில் பயோவெர்டின் மஞ்சள் கலந்த பச்சையாக மின்னும். இதைப் படித்துவிட்டு, ரூபாய் நோட்டுச் சோதிக்கும் டார்ச்சை வாங்கி பாக்கெட்டுக்குள் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் மின்னவில்லை. போலி என்று முடிவுகட்டி இரண்டு நாள் கொதித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது: பாக்கெட்டில் கலந்திருக்கும் டால்க் மாவுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் பாக்டீரியா ஏன் பயோவெர்டின் சுரக்கப் போகிறது? இரும்பு குறைந்த ஊடகத்தில் வளர்த்தால்தான் அந்த மினுக்கம் வரும். டார்ச் இப்போது தேள் தேட உதவுகிறது.

சரி, பேசிலஸ் சப்டிலிஸுக்கு வருவோம். இதுவும் மண்ணில் வாழ்வதுதான், இதுவும் சுரப்பதுதான். ஆனால் இதன் ஆயுதங்கள் வேறு: சர்ஃபாக்டின், இட்யூரின், ஃபெஞ்சைசின். மூன்றும் சோப்பைப் போல ஒரு பக்கம் தண்ணீரோடும் மறு பக்கம் கொழுப்போடும் ஒட்டும் தன்மை கொண்டவை. பூஞ்சையின் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பாலானது, அதில் புகுந்து ஓட்டை போட்டுவிடும். ஜப்பானியர்கள் சோயா மொச்சையைப் புளிக்கவைத்துச் சாப்பிடும் நாட்டோவில் நூல் நூலாக இழுபடுமே, அதைச் செய்வதும் இதே இனம்தான்.

ஆயுதத்தைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கஷ்டகாலம் வந்தால் பேசிலஸ் வித்து கட்டிக்கொள்ளும். ஸ்போர் என்கிற அந்த வித்து வெயிலுக்கும் வறட்சிக்கும் மாதக்கணக்கில் அசையாது. சூடோமோனாஸுக்கு அந்த வித்தை தெரியாது. டால்க் மாவில் இருந்தாலும் அது உயிரோடு இருந்தாக வேண்டும், வெந்தால் செத்துவிடும். கடையில் எடுக்க வேண்டிய முடிவு பெரும்பாலும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன், சித்திரையிலேயே சூடோமோனாஸ் மலிவாகக் கிடைத்ததென்று ஐந்து கிலோ வாங்கி மோட்டார் கொட்டகைப் பரணில் போட்டுவைத்தேன். மேலே தகரக் கூரை. கத்திரி வெயில் முழுக்க அந்தப் பொட்டலங்கள் அங்கேதான் கிடந்தன. சம்பாவுக்கு அதைத்தான் போட்டேன். மார்கழிப் பனியில் பி.பி.டி.யில் குலைநோய் என்ற பூஞ்சை நோய் வந்து, கழுத்து முறிந்து கதிர் சாவியானது. ‘இந்த பயோ மருந்தெல்லாம் சும்மா’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். உண்மையில் நான் வயலில் போட்டது ஐந்து கிலோ டால்க் மாவு, அவ்வளவுதான். பேசிலஸ் வாங்கிப் போட்டிருந்தால் அந்தப் பரணிலும் ஒரு பங்காவது தாக்குப்பிடித்திருக்கும்.

அப்படியானால் எப்போதும் பேசிலஸ்தானே நல்லது? இல்லை. வித்து முதலில் முளைத்து எழ வேண்டும், பிறகுதான் வேலை. சூடோமோனாஸ் ஊறப்போட்ட விதையிலேயே பெருகத் தொடங்கி, முளைவிடும் வேரோடு கூடவே இறங்கிவிடும். வேரைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வதில் அது கெட்டிக்காரன். பயிரின் சொந்த எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் வேலையும் உண்டு. வேரில் இருக்கும் பாக்டீரியாவை உணர்ந்து இலை விழித்துக்கொள்கிறது, பின்னால் குலைநோய்க் கிருமி வந்து இறங்கும்போது பயிர் தயாராக இருக்கிறது. பேசிலஸும் இதைச் செய்யும். ஆனால் நம் ஊர் நெல்லில் வருடக்கணக்காகச் சோதித்துப் பரிந்துரைத்தது கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.எஃப்.1 என்ற சூடோமோனாஸ். நான் அந்த அனுபவத்துக்குத் தனி எடை கொடுப்பேன்.

வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். சூடோமோனாஸுக்குப் பிடித்தது 25 முதல் 30 டிகிரி. நாற்பதைத் தொட்டால் சுணங்கிவிடும். பேசிலஸ் அதற்கு மேலும் சமாளிக்கும். சம்பாவும் தாளடியும் மழையிலும் பனியிலும் வளர்பவை, குலைநோயும் அந்தக் குளிர் ராத்திரிகளில்தான் வரும். சூடோமோனாஸுக்கு வாய்த்த பட்டம் அது. கோடையில் காய்கறி போடுகிறவர், மானாவாரிக்காரர், பொட்டலத்தை நிழலில் வைக்க வசதியில்லாதவர் எல்லாரும் பேசிலஸ் பக்கம் சாய்வதே புத்திசாலித்தனம்.

இன்னொன்று, இனப் பெயரை மட்டும் பார்த்து வாங்குவது ‘நெல் கொடுங்க’ என்று கேட்பது மாதிரி. என்ன ரகம்? பி.பி.டி.யும் நெல்தான், மாப்பிள்ளைச் சம்பாவும் நெல்தான். பாக்டீரியாவில் அந்த ரகத்துக்கு ஸ்ட்ரெயின் என்று பெயர். எல்லாச் சூடோமோனாஸ் புளோரசன்ஸும் மேலே சொன்ன எல்லாப் பொருளையும் செய்வதில்லை. இனப் பெயரே கூட நிலையாக இல்லை. ஆராய்ச்சியில் ரொம்பப் பேர் பெற்ற பி.எஃப்.-5 என்ற ஸ்ட்ரெயினை 2011-ல் புளோரசன்ஸிலிருந்து எடுத்து சூடோமோனாஸ் புரோட்டஜென்ஸ் என்ற புது இனத்தில் சேர்த்துவிட்டார்கள். உலகச் சந்தையில் பேசிலஸ் சப்டிலிஸ் என்றே விற்றுவந்த கியூ.எஸ்.டி. 713-க்கும் பிற்பாடு பேசிலஸ் வெலசென்சிஸ் என்று பெயர் மாறியது. அதனால் பாக்கெட்டின் பின்பக்கம் ஸ்ட்ரெயின் எண் அச்சடித்திருக்கிறதா, ஒரு கிராமில் எத்தனை சி.எஃப்.யு. (உயிருள்ள செல்களின் எண்ணிக்கை) என்று போட்டிருக்கிறதா, பாருங்கள். இரண்டும் இல்லாத பொட்டலத்தை நான் தொடுவதில்லை.

கடைக்காரர் நீட்டிய மூன்றாவது டிரைக்கோடெர்மா விரிடி. இது பாக்டீரியா இல்லை, பூஞ்சை. மற்றப் பூஞ்சையைச் சுற்றி வளைத்துத் தின்னும் பூஞ்சை. உளுந்து, நிலக்கடலை, மஞ்சள் போன்றவற்றில் வேரழுகல், வாடல், கிழங்கழுகல் என்றால் நான் முதலில் எடுப்பது இதைத்தான். சம்பா நாற்றங்காலுக்கு இது என் முதல் தேர்வு இல்லை. தை மாதம் அறுப்புக்கு முன்னால் நெல் தரிசில் உளுந்து தெளிக்கும்போது, விதை கிலோவுக்கு 4 கிராம் என்று கலந்துகொள்ளலாம், அதற்கு வாங்கி வையுங்கள். சூடோமோனாஸையும் இதையும் ஒரே விதையில் சேர்த்துப் போடலாமா என்று கேட்பார்கள். ஒன்றோடொன்று ஒத்துப்போகும் ஸ்ட்ரெயின்கள் உண்டு, ஆனால் எல்லாம் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

நான்காவது, மாமா கேட்காத ஒன்று: வாலிடாமைசின். இதுவும் மண் பாக்டீரியா செய்ததுதான், ஆனால் பாட்டிலில் வருவது பாக்டீரியா அல்ல, அது சுரந்த பொருள் மட்டும். ஜப்பானில் கண்டெடுத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற வகையின் சரக்கு. முதல் மழைக்கு எழும் மண்வாசனை இருக்கிறதே, அதற்குப் பின்னாலும் இந்தக் குடும்பம்தான் இருக்கிறது, அந்த மணப்பொருளின் பெயர் ஜியோஸ்மின். வாலிடாமைசின் நெல்லின் இலையுறைக் கருகலுக்கு என்றே பெயர் பெற்றது. டிரெஹலோஸ் என்ற சேமிப்புச் சர்க்கரையை உடைத்துப் பயன்படுத்த விடாமல் பூஞ்சையைத் தடுத்துவிடுகிறது. பத்தாயம் நிறைய நெல்லை வைத்துக்கொண்டு சாவியைத் தொலைத்தவன் நிலைமை. பூஞ்சை அங்கேயே நின்றுவிடும், பரவாது.

உயிருள்ள பாக்டீரியாவையும் இந்த பாட்டிலையும் ஒரே தராசில் வைப்பது தவறு. தூர்கட்டும் சமயம், வயலுக்குள் இறங்கிக் குனிந்து பாருங்கள். தண்ணீர் மட்டத்தை ஒட்டிய இலையுறையில் பச்சையும் சாம்பலும் கலந்த நீள்வட்டப் புள்ளிகள் இருக்கும், நடுவில் வெளிறி ஓரம் பழுப்பாகும். கடுகு மாதிரி பழுப்பு உருண்டைகள் ஒட்டியிருக்கும், அவைதான் தண்ணீரில் மிதந்து அடுத்த குத்துக்குப் போகின்றன. அதைக் கண்ட பிறகு சூடோமோனாஸைத் தேடி ஓடாதீர்கள். வீட்டில் திருடன் நிற்கும்போது நாய்க்குட்டி வாங்கப் போவது போல அது. அப்போது வேண்டியது பாட்டில்தான், லேபிளில் சொன்ன அளவில். வாலிடாமைசின் இலையுறைக் கருகலோடு சரி. குலைநோய்க்கு அதை அடித்துவிட்டுப் பலனில்லை என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விலை பற்றிச் சொல்ல அதிகமில்லை. நம் ஊரில் ஏக்கருக்கு 25 கிலோ விதை விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்றால் 250 கிராம் போதும். பேசிலஸும் பொடியாக வாங்கினால் பெரிய வித்தியாசம் வராது. நஷ்டம் விலையில் இல்லை, செத்த மாவை வாங்கி வந்து, தடுப்பு போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடுவதில் இருக்கிறது.

எதை வாங்கினாலும் கெடுத்துக்கொள்ளும் வழிகள் சில பொது. கார்பென்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி கலந்த தண்ணீரிலேயே டிரைக்கோடெர்மாவைப் போடுவது, தாமிர மருந்து அடித்த டேங்கைக் கழுவாமல் பாக்டீரியாவைக் கரைப்பது. பூஞ்சாணக்கொல்லியோடு உயிரி மருந்தைச் சேர்க்காதீர்கள் என்பதுதான் பல்கலைக்கழகப் பரிந்துரையும். அசோஸ்பைரில்லம் போன்ற உயிர் உரங்களோடு சேர்க்கலாம். இலைமேல் அடிப்பதை உச்சி வெயிலில் செய்யாமல் சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள். அப்புறம் யூரியா. குளிர் காலத்தில் தழைச்சத்தை அள்ளிப் போட்டுப் பயிரைக் கருகருவென்று வளர்த்துவிட்டு, குலைநோய் வந்தால் சூடோமோனாஸ் மேல் பழி போடக் கூடாது.

வெல்லமும் தண்ணீரும் விட்டு 200 லிட்டர் டிரம்மில் சூடோமோனாஸைப் பெருக்கிக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அதற்கு ஆதரவில்லை. திறந்த டிரம்மில் வெல்லத்தைக் கண்டதும் முதலில் பெருகுவது யார் என்று யாருக்குத் தெரியும்? நுரைத்துப் பொங்குகிறது என்பதற்காக அது சூடோமோனாஸ் ஆகிவிடாது. மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரச் சாக்கு மூடி நிழலில் வைத்து, பிறகு வயலில் போடுவது அதைவிடத் தேவலாம்.

சரி, மாமாவின் முடிவுக்கு வருவோம். ஏழு மாதப் பொட்டலம், அது கடையில் வெயில்படும் அலமாரியில் இருந்ததோ எங்கே இருந்ததோ தெரியாது. சூடோமோனாஸ் என்றால் தயாரித்து மூன்று, மிஞ்சிப்போனால் நான்கு மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது என் சொந்தக் கணக்கு. காலாவதித் தேதியை நான் பார்ப்பதே இல்லை. அந்தக் கணக்கில் அந்த இரண்டு பாக்கெட்டையும் விட்டுவிட வேண்டியதுதான். கையில் இருப்பது ஏழு மாதச் சூடோமோனாஸும் ஏழு மாதப் பேசிலஸும் மட்டும் என்றால், யோசிக்காமல் பேசிலஸ். ஒருநாள் பொறுக்க முடியும், பக்கத்தில் புதுச் சரக்கு கிடைக்கும் என்றால், சம்பாவுக்கு, அதிலும் குலைநோய்க்குச் சுலபமாக மடங்கும் பி.பி.டி.க்கு, சூடோமோனாஸ்தான். சி.ஆர். 1009 பாதிக்குப் பேசிலஸ் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மாமா ஒருநாள் பொறுத்தார். மறுநாள் வேளாண்மை விரிவாக்க மையத்தில் போன மாதம் தயாரித்த பொட்டலம் கிடைத்தது. விதை கிலோவுக்கு 10 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர் என்று கரைத்து ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் தண்ணீரை வடித்து முளைகட்டினார். பிறகு நடவன்று நான் போயிருந்தேன். விதை நேர்த்தியோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். வேரை நனைப்பதில்தான் பலன் கண்ணுக்குத் தெரிகிறது என்பது என் அனுபவம், அதனால் அவரை விடவில்லை. நடவு வயலின் மூலையில் ஏக்கருக்குப் பத்தடிக்குப் பத்தடி பாத்தி கட்டி, ஓர் அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, ஒரு கிலோ பொடியைத் தூவிக் கலக்கினோம். பறித்த நாற்றுமுடிகளை வேர் நனைய அதில் நிற்கவைத்து அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். நடவுக்கு வந்த பெண்கள் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார்கள். கூலி நேரம் போகிறதே என்று மாமா என்னைப் பார்த்துப் பார்த்து முறைத்தார்.

வெள்ளை வெளேரென்று பாத்தித் தண்ணீரில் மிதந்த டால்க் மாவைப் பார்த்து அவர்களில் ஒரு அக்கா கேட்டார்: “என்னங்கய்யா, நாத்துக்குப் பவுடரெல்லாம் பூசி எங்க அனுப்புறீங்க?”

“புகுந்த வூட்டுக்குத்தான்” என்றார் மாமா. நட்ட முப்பதாம் நாள் தொழு உரத்தில் கலந்து தூவ இன்னும் ஒரு கிலோ வீதம் வேண்டும். அதை இப்போதே வாங்கி வைக்காமல் அப்போது புதிதாக வாங்கச் சொல்லியிருக்கிறேன்.